பழுதுபார்த்த பழைய காமிக்ஸ் வாங்குவது, காப்பது, விற்பது: சேலத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய தமிழ் காமிக்ஸ் இதழ்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு காலத்தில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட இதழை இன்று வாங்க வேண்டுமென்றால், வீட்டில் இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. சேதமே இல்லாத பிரதி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. ஆகவே நம்மில் பலர் கைக்கு எட்டுவது பழுதுபார்த்த பிரதிதான்: கிழிசல் ஒட்டியது, இதழைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்டேபிள் பின்னை மாற்றியது, அட்டையில் நிறம் தொட்டது.

அப்படிப்பட்ட பிரதியைத் தாராளமாக வாங்கலாம் என்பது என் கட்சி. ஆனால் அதில் என்னென்ன வேலை நடந்திருக்கிறது என்பது வாங்கும்போதே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

எதைச் சேர்ப்பது

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று இறங்கினால் பணமும் போகும், அலமாரியும் நிறையாது. ஒரு சின்ன வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் அடித்தளம் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ். 1972 ஜனவரியில் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கியது. அந்த முதல் இதழும் அதையொட்டி வந்த எழுபதுகளின் இதழ்களும்தான் இன்றைக்கு அதிகம் தேடப்படுபவை. 1984 ஜூலையில் மாடஸ்டி என்ற சாகச நாயகியின் கதையோடு லயன் காமிக்ஸ் வந்தது. அதே மாதம் ஜேம்ஸ்பாண்ட் கதையோடு ராணி காமிக்ஸும் வந்து 2005 வரை ஓடியது. ராணி காமிக்ஸ் ஊரெங்கும் பெட்டிக்கடைகளில் தொங்கிய இதழ் என்பதால் பிற்கால இதழ்கள் இன்னும் ஓரளவு அகப்படுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்: ராணியில் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், பிறகு முத்துவுக்குப் போங்கள். ஆங்கிலத்தில் என்றால் 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸும், 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையின் பழைய அச்சுகளும் இருக்கின்றன.

ஏற்காட்டோடு தொடர்புள்ளவர்களுக்கு இன்னொரு வட்டமும் உண்டு. இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை 1962 முதல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்தது. வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். ஹாஸ்டல் பள்ளிகளும் எஸ்டேட் பங்களாக்களும் உள்ள மலை என்பதால், பழைய வீடுகளைக் காலி செய்யும்போது அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களும் ஆண்டு மலர்களும் வெளியே வர வாய்ப்புண்டு. தமிழ் இதழையும் அதன் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது தனி சந்தோஷம்.

விலை ஏன் ஏறுகிறது

அமெரிக்கக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1938இல் 10 சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், சூப்பர்மேன் அறிமுகமான இதழ், 2010இல் 10 லட்சம் டாலரைத் தொட்டது. 2024இல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்குப் போனது. 2025 நவம்பரில், சூப்பர்மேன் பெயரிலேயே பிறகு வந்த தனி வரிசையின் முதல் இதழ்ப் பிரதி ஒன்று 91 லட்சம் டாலரைத் தாண்டியது. இவை எல்லாம் யாரும் கைவைக்காத பிரதிகள். அதே இதழின் பழுதுபார்த்த பிரதி, பார்வைக்கு அதே நிலையில் இருந்தாலும், அந்த விலையில் ஒரு பங்குக்குத்தான் போகும்.

அங்கே 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு இருக்கிறது. 2000 முதல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் இதழ்களுக்கு 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கிறது. தமிழ் காமிக்ஸுக்கு அப்படிப் பொதுவான கையேடு கிடையாது. இங்கே விலையை முடிவு செய்வது வாசகர்களின் ஆசையும் இதழின் தட்டுப்பாடும்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படித்த பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்கள், தாங்கள் படித்த அதே அட்டையைக் கேட்கிறார்கள். இதழ்களோ மளிகைக்கடைப் பொட்டலமாகவும் கரையானுக்கு இரையாகவும் போய்விட்டன.

ஒரு எச்சரிக்கை. மறுபதிப்பு வந்தால் கதைக்காக மட்டும் தேடியவர்கள் விலகிக்கொள்வார்கள், விலை தளரலாம். முதல் பதிப்பையே தேடுகிறவர்கள் விலக மாட்டார்கள். முதலீடு என்று நினைத்துக் கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். வாங்குகிறவர்களின் வட்டம் சிறியது, அவசரத்துக்கு விற்க முடியாது.

பழுதுபார்த்தல் என்றால் என்னென்ன

சி.ஜி.சி. முறையில் கைவைக்காத பிரதிக்கு நீல லேபிள், பழுதுபார்த்ததற்கு ஊதா லேபிள். ஊதாவில் வேலையின் தரத்துக்கு ஏ, பி, சி என்றும், வேலையின் அளவுக்கு 1 முதல் 5 வரை எண்ணும் போடுவார்கள். ஏ-1 என்றால் நல்ல கையால் செய்த சிறு வேலை. சி-5 என்றால் மோசமான கையால் செய்த பெரிய வேலை. நமக்கு லேபிள் தேவையில்லை. ஆனால் தரமும் அளவும் இரண்டு தனிக் கேள்விகள் என்ற அந்தப் பார்வையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான் வேலைகளை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். இதழ் மேலும் கெடாமல் தடுக்கும் வேலை முதல் வகை: மெல்லிய ஜப்பானியத் தாளால் கிழிசலைச் சேர்ப்பது, துருப்பிடித்த பின்னை எடுப்பது. இது இதழுக்கு நல்லது. அழகுக்காகச் செய்வது இரண்டாவது: உரிந்த இடத்தில் நிறம் தொடுவது, போன மூலைக்கு வேறு தாள் வைத்து நிரப்புவது. சொல்லி விற்றால் குறையில்லை. மூன்றாவது திரும்பப் பெற முடியாத இழப்பு: ஓரம் வெட்டுவது, லேமினேஷன், வேறு இதழின் அட்டையை மாட்டுவது.

ஓரம் வெட்டிய பிரதிகள் தமிழில் ஏராளம். வாடகை நூலகங்கள் நாலைந்து இதழ்களைச் சேர்த்துத் தைத்து, மூன்று பக்கமும் வெட்டி, காலிகோ துணி போட்டு பைண்டிங் செய்துவிடும். யாரையும் ஏமாற்றச் செய்ததல்ல அது. அந்த பைண்டிங் இல்லையென்றால் பல இதழ்கள் இன்றைக்கு இருந்திருக்கவே மாட்டா. ஆனால் அதைப் பிரித்து, புதிதாகப் பின் அடித்து, தனி இதழ் என்று விற்பது வேறு விஷயம்.

எங்கே தேடுவது

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு வட்டாரம், செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை பக்கத்துப் பழைய பேப்பர் கடைகள் என்று நடந்தே தேடலாம். கடைக்காரரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு வந்தால் பயனில்லை. படம் காட்டிச் சொல்லி வைக்க வேண்டும். "அண்ணா, இந்த மாதிரி படக்கதைப் புத்தகம் வந்தா மூட்டையில போடாம எடுத்து வைங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லி, அப்பப்போ எட்டிப் பாருங்கள். வந்த இதழ் வேண்டாததாக இருந்தாலும் ஒன்றிரண்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எடுத்து வைப்பார்.

ஏற்காட்டில் கடைகளைவிட மனிதர்கள் முக்கியம். வீடு காலி செய்கிறவர்கள், எஸ்டேட் கணக்குப்பிள்ளைகள், ஒண்டிக்கடைப் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்பவர்கள். சேலம் புத்தகத் திருவிழாவையும், ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவையும் விடாதீர்கள். ஈரோட்டில் லயன்–முத்து வாசகர்கள் கூடுவது வழக்கம். ரயிலில் சேலத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். அங்கே பத்துப் பேரோடு பேசினால் எந்த இதழ் நிஜமாகவே அரிது, எது வாயால் அரிதாக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

மொத்தத்தில் இதுதான் முக்கியமான படி. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டார்ச், அளவுகோல், பூதக்கண்ணாடி, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், இவை போதும். கைகளைக் கழுவித் துடைத்து உலர்த்திக்கொண்டு தொடுங்கள். உறை மாட்டிய விரலுக்குத் தாளின் தன்மை தெரியாது.

எழுபதுகளின் இதழ் ஒன்று மேசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பக்கங்களை எண்ணுங்கள். நடுத்தாள் இருக்கிறதா? பின்னிலிருந்து கழன்று முதலில் தொலைவது அதுதான். பக்க எண் ஒழுங்காக வருகிறதா, கதை அறுந்து போகாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். பதிப்பு விவரமும் விலையும் போட்ட பக்கத்தைப் படித்து, முதல் பதிப்பா மறுபதிப்பா என்று உறுதி செய்யுங்கள்.

அடுத்து பின். உள்ளே நடுப்பக்கத்தில் பின்னின் கால்கள் மடங்கிய இடத்தைப் பாருங்கள். பழைய பின் என்றால் தாளில் துருவின் நிழல் படிந்திருக்கும். துரு நிழல் இருக்கிறது, பின் மட்டும் பளபளக்கிறது என்றால் பின் மாற்றப்பட்டிருக்கிறது. பின் ஓட்டைகள் இரண்டு ஜோடி இருந்தாலோ, அட்டையின் ஓட்டையும் உள்தாளின் ஓட்டையும் நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ, அட்டை வேறு பிரதியிலிருந்து வந்ததா என்று சந்தேகப்படலாம். முதுகுப் பக்கம் தையல் ஊசி போன ஓட்டைகள் வரிசையாக இருந்தால் அது பைண்டிங்கிலிருந்து பிரித்தது.

பிறகு அளவு. உயரத்தை மேலும் கீழும் நடுவிலும், அகலத்தை மூன்று இடத்திலும் அளந்து, அதே காலத்து இன்னொரு இதழோடு ஒப்பிடுங்கள். பழைய தாளின் ஓரம் உள்பக்கத்தைவிடப் பழுப்பேறியிருக்கும். ஓரம் மட்டும் வெளுப்பாக, கத்தியால் வெட்டியது போல் நேராக இருந்தால் வெட்டியிருக்கிறார்கள். படச் சட்டமோ பக்க எண்ணோ ஓரத்தை ஒட்டிக்கொண்டு நிற்பதும் அதற்கு அடையாளம்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சை அட்டைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஒட்டிய கிழிசல், நிரப்பிய மூலை, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிய மடிப்பு எல்லாம் மேடு பள்ளமாகத் தெரியும். அட்டையை உள்பக்கம் திருப்பி, சிவப்போ கறுப்போ புள்ளியாக ஊறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தொட்டிருந்தால் மை தாளுக்குள் இறங்கிப் பின்பக்கம் காட்டிக்கொடுக்கும். அச்சு மையை பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகளாகத் தெரியும், கையால் தொட்ட நிறம் புள்ளியில்லாமல் அப்பியிருக்கும்.

புற ஊதா டார்ச்சில் பழைய நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம், மங்கலாகவே கிடக்கும். புதுக் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீல வெள்ளையாக ஒளிரும். ஒரு மூலை மட்டும் ஒளிர்ந்தால் அங்கே புதுத் தாள் வைத்திருக்கிறார்கள். அட்டை முழுதும் ஒரே சீராக ஒளிர்வதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அட்டைத்தாள் அப்படிப்பட்டதாகவே இருந்திருக்கலாம். ஆனால் புள்ளி வரிசை கலங்கி, எழுத்தின் ஓரம் பிசிறடித்து, மடிப்பின் கோடு மடிப்பாக இல்லாமல் படமாக அச்சாகியிருந்தால் அது ஸ்கேன் எடுத்துப் போட்ட நகல் அட்டை.

கடைசியாக முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு அரிய இதழாக இருந்தாலும் வீட்டு அலமாரிக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது.

விலை பேசுவது

கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. கைமாறிய விலையை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். ஓராண்டு குறித்தாலே உங்கள் வட்டத்துக்கு உங்களிடமே ஒரு விலைக் கையேடு இருக்கும்.

பழுதுபார்த்த பிரதிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. இப்போது எப்படித் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, பழுதுபார்க்கும் முன் என்ன நிலையில் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த நிலைப் பிரதிக்கு என்ன விலையோ அதிலிருந்து தொடங்குங்கள். நல்ல கையால் செய்த முதல் வகை வேலை என்றால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். அழகு வேலைக்குக் கூட்டாதீர்கள். ஓரம் வெட்டியது, லேமினேட் செய்தது என்றால் இறக்கிக் கேளுங்கள். நகல் அட்டை போட்டதை அட்டையில்லாத பிரதியாகவே மதிப்பிடுங்கள்.

விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "பின் மாத்தியிருக்கா? நிறம் தொட்டிருக்கா? ஓரம் வெட்டியிருக்கா?" பதிலை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாது என்று சொல்பவரை நம்பலாம், சோதித்துப் பார்த்து வாங்கலாம். கேள்விக்கே கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

நாமே செய்யக்கூடியது, செய்யக் கூடாதது

செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை ஆண்டுகள் போகப் போகத் தாளுக்குள் இறங்கி, மஞ்சளாகி, பிறகு எடுக்கவே முடியாத கறையாகிவிடும். பழைய டேப் ஏற்கெனவே இருந்தால் உரிக்காதீர்கள், மையும் சேர்ந்து வந்துவிடும். ஃபெவிகால் வேண்டாம், காய்ந்தபின் தண்ணீரில் முழுதாகக் கரையாது. பைண்டர்கள் மைதா பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள். அந்தத் தாமிர உப்பு தாளை நாளடைவில் பொடியாக்கும்.

சின்னக் கிழிசலைக் கோதுமை ஸ்டார்ச் பசையாலும் ஜப்பானியத் தாளாலும் ஒட்டலாம். மரவள்ளி ஸ்டார்ச் சேலத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் ஆவணப் பாதுகாப்பில் காலம் காலமாகப் பயன்படுத்திச் சரிபார்த்தது கோதுமை ஸ்டார்ச். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நாலைந்து பங்கு சுத்தமான தண்ணீர் விட்டு, சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல் வரும்போது இறக்கி, ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வேண்டிய அளவு மட்டும் செய்யுங்கள், சில நாளில் கெட்டுவிடும்.

முதலில் மை கரைகிறதா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு புள்ளியில் ஈரப் பஞ்சைத் தொட்டு எடுங்கள். நிறம் வந்தால் அந்த இடத்தில் வேலை செய்யாதீர்கள். ஜப்பானியத் தாளைக் கத்தரியால் வெட்டாமல், தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடிழுத்து, அந்தக் கோட்டில் மெல்லப் பிய்த்தெடுங்கள். ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பிடிமானம். ஒரு சென்டிமீட்டர் அகலம் போதும். பசையைத் தாளில் பூசி, அதிகப்படியை ஒற்றி எடுத்துவிட்டு, கிழிசலின் உள்பக்கத்தில் படுக்க வையுங்கள். பசை தண்ணியாக இருந்தால் நியூஸ்பிரிண்டில் நீர்க்கறை வளையம் விழும், அது போகாது. மேலே ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதன்மேல் மை ஒற்றும் தாள், அதன்மேல் கனம். கால் மணி நேரத்தில் ஒற்றும் தாளை மாற்றி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். இதையெல்லாம் முதலில் விலையில்லாத பழைய வார இதழில் செய்து பாருங்கள். கை படிந்த பிறகு காமிக்ஸுக்கு வரலாம்.

பின்னில் மேலாகத் துரு என்றால் விட்டுவிடுங்கள். தாளைத் தின்னத் தொடங்கியிருந்தால் மட்டும், உள்ளிருந்து கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, வெளியிலிருந்து தூக்கி எடுங்கள். எடுத்த பின்னை ஒரு சிறு உறையில் போட்டு இதழோடு வையுங்கள்.

நிறம் தொடுதல், மூலை நிரப்புதல், டேப் எடுத்தல், தாளின் அமிலம் நீக்குதல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற காகிதப் பாதுகாப்பாளரிடம் விட்டுவிடுங்கள். வெளியூருக்கு அனுப்பிச் செய்யும் செலவு இதழின் விலையைத் தாண்டும் என்றால், நல்ல உறையில் போட்டு அப்படியே வைத்திருப்பதே இதழுக்குச் செய்யும் மரியாதை.

சேலத்து வெயில், ஏற்காட்டு ஈரம்

நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் சூட்டிலும் பழுப்பேறும், அமிலம் தாளை முறுகவைக்கும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள அறையில் காமிக்ஸ் வைக்காதீர்கள். கீழ்த்தளம், உள்சுவர், வெயில் படாத பீரோ. அதுவும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே எதிரி ஈரம். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள் வந்துவிடும், பூஞ்சையும் ராமபாணமும் கூடவே வரும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அலமாரிக்குள் வைத்து, 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம், தாளில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உறை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வாடையடிக்கும் பி.வி.சி. கவர் மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் பரவாயில்லை, பாலியெஸ்டர் சிறந்தது. பின்னால் அமிலமில்லாத அட்டை.

பூச்சி இருக்கும் என்று சந்தேகப்பட்டால், இதழைக் காற்றுப் புகாத பையில் மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும். மலையில் வாங்கிய இதழைக் கீழே கொண்டுவரும்போதும் அதே எச்சரிக்கை: 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்ததும் ஆசையில் பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த தாளில் கீழ்க்காற்றின் ஈரம் படியும். வீட்டில் சில மணி நேரம் மூடியே வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

பதிவும் விற்பனையும்

ஒவ்வொரு இதழுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். எப்போது, எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கியது, வாங்கும்போது என்னென்ன குறை, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன பசை, எந்தத் தாள். பழுதுபார்க்கும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். மென்மையான பென்சிலில் எழுதி, உறைக்குள் அந்த அமிலமில்லாத அட்டைக்குப் பின்னால் வையுங்கள், இதழில் எழுதாதீர்கள். முந்தைய உரிமையாளரின் கையெழுத்தோ வாடகை நூலக முத்திரையோ இருந்தால் அழிக்காதீர்கள். அந்த இதழ் எங்கெல்லாம் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

விற்கும்போது இந்தச் சீட்டும் படங்களும் இதழோடு போகட்டும். அட்டையின் இரண்டு பக்கம், நடுப்பக்கம், பின், ஒட்டிய இடம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். எல்லாம் சொல்லி விற்கிறவரிடம் வாங்கியவர் மறுபடி வருவார், தன் நண்பரையும் கூட்டி வருவார். கூரியரில் அனுப்புவதென்றால் இதழைவிடப் பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, டேப்பை உறையின் திறப்பில் ஒட்டாமல் அட்டையோடு அட்டையாக ஒட்டுங்கள். உருவி எடுக்கும்போது உறையில் ஒட்டிய டேப் அட்டைப்படத்தைப் பிய்த்துக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது.